ஒன்பதாம் சாட்சியின் தலைவலி

ஒரு சேரி எரிக்கப்பட்ட பிறகு அங்கே வருகிறவர்கள் எல்லோர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கும். கிராம நிர்வாக அலுவலர் ஒன்று எடுப்பார். தாசில்தார் வந்து அதில் பாதியை அடிப்பார். உண்மை அறியும் குழுத் தோழர்கள் தனியாக ஒன்று எடுப்பார்கள். கூரை வீடு இத்தனை, ஓட்டு வீடு இத்தனை, ஆடு, கோழி, சைக்கிள், தையல் மிஷின், அண்டா, ரேஷன் கார்டு, பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட். கை முறிந்தவர் யார், மண்டை உடைந்தவர் யார், தையல் எத்தனை. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் சேரியில் எடுத்த பட்டியலின் நகல் ஒன்று என்னிடம் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு நேராக இப்படி எழுதியிருக்கிறது: கூரை வீடு 1, நெல் மூட்டை 4, டிரங்குப் பெட்டி 1, காயம் இல்லை.

அந்தக் 'காயம் இல்லை' பற்றித்தான் எழுதுகிறேன். அந்த வீட்டில் அப்போது பதிமூன்று வயதுப் பெண்ணாக இருந்தவள் நான். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டேன். இத்தனை வருஷமாக, மாதத்துக்கு மூன்று தடவையாவது, ஒரு தடவைக்கு இரண்டு நாளாவது, தலையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் கிடக்கிறேன்.

அன்று இரவு என்ன நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. சில தோழர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். காவல் நிலையத்தில் சொல்லியிருக்கிறேன், கோர்ட்டில் சொல்லியிருக்கிறேன், விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறேன், உண்மை அறியும் குழுவின் அறிக்கையில் பெயர் மாற்றி மூன்று பக்கத்துக்கு வந்திருக்கிறது. வேண்டியவர்கள் அங்கே படித்துக்கொள்ளலாம். இந்தக் கட்டுரைக்கு அதில் தேவைப்படுவது ஒன்றே ஒன்று, வாசம். மண்ணெண்ணெயும் மூட்டையோடு கருகிய நெல்லும் சேர்ந்த வாசம்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒத்தத் தலைவலி என்று பெயர். உலகத்தில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது, ஆண்களைப் போல மூன்று மடங்கு பெண்களுக்கு. எனக்கு முதலில் கண்ணில்தான் வரும். பார்க்கிற பொருளின் ஓரத்தில் கருக்கரிவாளின் பல் மாதிரி ஒரு வளைந்த கோடு மினுமினுக்கும். அது பெரிதாகிக்கொண்டே வந்து பார்வையில் ஒரு பக்கத்தைத் தின்றுவிடும். எதிரில் நிற்கிற ஆளுக்குப் பாதி முகம் இருக்கும், பாதி இருக்காது. இருபது நிமிஷமோ அரை மணியோ கழித்து அது விலகும். அப்புறம்தான் வலது நெற்றிப்பொட்டில் உலக்கை விழ ஆரம்பிக்கும். வெளிச்சம் ஆகாது. பக்கத்து வீட்டில் கடுகு தாளித்தால் குமட்டும். வயிற்றில் இருப்பதெல்லாம் வெளியே வந்த பிறகும் வாந்தி நிற்காது. நாலு மணி நேரத்தில் இருந்து மூன்று நாள் வரை இது நீடிக்கும் என்று மருத்துவப் புத்தகம் சொல்கிறது. என் தலை புத்தகத்தை மீறியதில்லை.

எங்க ஆயாவுக்கும் இது இருந்துச்சு. நெத்தியில துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டு, சுக்க அரைச்சுப் பத்து போட்டுக்கிட்டு மூலையில சுருண்டு கிடக்கும். மறுநாள் நடவுக்குப் போயிடும். போகாம இருந்தா அன்னிக்குக் கூலி யார் குடுப்பா? ஆகவே நெருப்புதான் எனக்கு இந்த நோயைக் கொடுத்தது என்று நான் சொல்லவில்லை. இது குடும்பத்தில் இறங்குகிற நோய். ஆயாவிடமிருந்து எனக்கு வந்த ஒரே சொத்து. ஆனால் அதைத் திறக்கிற சாவியை ஊர்க்காரன் அன்று ராத்திரி தன் கையில் எடுத்துக்கொண்டான்.

சாவி எப்படித் திறக்கிறது? தெருவில் யாராவது குப்பையைக் கொளுத்துவார்கள். தீபாவளிக்கு ராக்கெட் கூரை மேல் உரசிக்கொண்டு போகும். ஊர்த் திருவிழாவுக்கு இளைஞர்கள் பைக்கில் கத்திக்கொண்டு போவார்கள். உடனே நான் பதிமூன்று வயதுக்காரியாக வாய்க்கால் மேட்டில் படுத்திருப்பேன். ஞாபகம் என்றால் நாமாக உட்கார்ந்து நினைத்துப் பார்ப்பது, முடிந்தால் எழுந்து போய்விடலாம். இதில் எழுந்து போக முடியாது. உள்ளங்கையில் சேறு ஒட்டும். அம்மா என் வாயைப் பொத்தியிருக்கிற கை உப்புக் கரிக்கும். ஐந்து நிமிஷம் இருக்கலாம். முடிந்த பிறகு, அன்று சாயங்காலமோ மறுநாள் காலையோ, கருக்கரிவாள் கண்ணில் வந்து நிற்கும்.

கிராமத்தில் இதற்கும் ஒரு பெயர் உண்டு. 'பயந்த கோளாறு.' மந்திரித்தார்கள், தாயத்து கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள். பகுத்தறிவு பேசுகிற நம் தோழர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். எனக்கு வந்த நோய்க்குக் காரணம் பயம் என்று முதலில் கண்டுபிடித்துச் சொன்னது கோடங்கி அடிக்கிற ஒரு கிழவர்தான். டாக்டர்கள் சைனஸ் என்றார்கள், கண்ணாடி போடச் சொன்னார்கள், ஒருவர் கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார். கிழவர் சொன்னதில் குறை என்னவென்றால், யாரைப் பார்த்துப் பயந்தேன் என்று அவர் கேட்கவில்லை. சுடலைக் காத்து என்று சொல்லி முடித்துவிட்டார். கொளுத்தியவன் பெயர் மந்திரத்திலும் வரவில்லை.

மருத்துவம் சொல்வது இவ்வளவு. மற்றப் புலன்களின் செய்தி போல் சுற்றிப் போகாமல், வாசனையின் செய்தி மூளையில் அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்கிற பகுதிக்கு ஏறக்குறைய நேராகவே போகிறது. அதனால்தான் யோசிப்பதற்கு முன்பே உடம்பு ஓடத் தயாராகிவிடுகிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களின் மூளையோ வாசம், வெளிச்சம், சத்தம், பட்டினி, தூக்கக் குறைவு என்று எதையும் மற்றவர்களைவிட அதிகமாக வாங்கிக்கொள்ளும் மூளை. முகத்துக்கும் மூளையைச் சுற்றியுள்ள உறைக்கும் உணர்வு கொடுக்கிற டிரைஜெமினல் நரம்பு கிளர்ந்து, அதன் முனைகளில் சில வேதிப்பொருள்கள் கசிந்துதான் வலி பிறக்கிறது. மன அதிர்ச்சி நோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட ஒற்றைத் தலைவலிக்காரர்களிடையே அதிகம் என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே இது 'மனசுல இருக்கிற வியாதி' இல்லை, நரம்பில் இருக்கிற வியாதி. மனசும் நரம்புதானே என்பது வேறு விஷயம்.

இந்த மன அதிர்ச்சி நோய்க்கு மருத்துவப் பட்டியலில் இடம் கிடைத்த கதை நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1980 இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர்கள் அதைத் தங்கள் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் சங்கம் வைத்துக் குரல் கொடுத்தது அதற்கு ஒரு முக்கியக் காரணம். குண்டு போடப் போனவனுக்கு வந்த நோய்க்குப் பெயர் கிடைத்தது. குண்டு விழுந்த கிராமத்துக்காரிக்கு வந்ததை யார் எழுதினார்கள்? இருந்தாலும் ஒன்றைக் கவனியுங்கள், அந்தச் சிப்பாய்கள் போராடித்தான் பெற்றார்கள். நோய்க்குப் பெயர் வாங்குவதும் போராட்டம்தான்.

அவர்கள் வைத்த பெயர் 'அதிர்ச்சிக்குப் பிந்தைய' கோளாறு என்பது. பிந்தைய! சிப்பாய் கப்பல் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான், அவனுக்குப் 'பிந்தைய' உண்டு. எங்களுக்கு எங்கே இருக்கிறது? விடுதலையான நான்காம் எதிரி பஸ் நிறுத்தத்து டீக்கடையில் தினமும் உட்கார்ந்திருக்கிறான். என் தம்பி மகள் அவனைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போகிறாள். என் மூளை அடிக்கிற எச்சரிக்கை மணி பொய் மணி என்று எந்த டாக்டர் சொல்ல முடியும்? நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் 1980களில் கறுப்பர் குடியிருப்புகளின் இளைஞர்களோடு வேலை செய்த உளவியலாளர்கள் இந்தச் சிக்கலைச் சந்தித்து, 'தொடர் அதிர்ச்சி' என்றொரு சொல்லை முன்வைத்தார்கள். நம் சேரிக்குப் பொருந்துகிற சொல் அதுதான்.

அண்ணல் அம்பேத்கரை நாம் கோட்டும் சூட்டுமாக, விரலை நீட்டிக்கொண்டு நிற்கிறவராகவே பார்க்கப் பழகிவிட்டோம். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று தமிழில் சொல்லப்படும் அவருடைய சிறிய தன்வரலாற்றுக் குறிப்பைப் படியுங்கள். பரோடாவில் பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியதைச் சொல்லிவிட்டு, பதினெட்டு வருஷம் ஆகியும் அந்தக் காட்சி மங்கவில்லை, கண்ணீர் இல்லாமல் அதை நினைக்க முடியவில்லை என்று அவரே பதிவு செய்திருக்கிறார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த மனிதர். தடி வைத்திருந்தவர்கள் முன்னால் தான் நடுங்கி நின்றதை எழுதுவதற்கு அவர் வெட்கப்படவில்லை. அவர் பெயரைச் சொல்லி இயக்கம் நடத்துகிற நமக்குத்தான் 'வீரம்' தவிர வேறெதையும் மேடையில் ஏற்ற வெட்கமாக இருக்கிறது.

இனி கோர்ட்டுக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை நான் எழுதவே அதுதான் காரணம்.

சம்பவம் நடந்து எட்டு வருஷம் கழித்து வழக்கு சாட்சி விசாரணைக்கு வந்தது. நான் அரசுத் தரப்பு ஒன்பதாம் சாட்சி. அதற்கு முன்பே ஒரு அரசு மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் என்னிடம் ஒரு நோட்டு வாங்கச் சொல்லி, தலைவலி வந்த தேதி, அதற்கு முன்னால் என்ன சாப்பிட்டேன், எவ்வளவு தூங்கினேன், என்ன நடந்தது என்று எழுதிவரச் சொல்லியிருந்தார். ஆறு மாதம் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்தத் தேதிக்கெல்லாம் பக்கத்துல வா, வா-ன்னு போட்டிருக்கியே, அது என்னா?" என்றார். வாய்தா. சம்மன் வந்த நாள், வாய்தாவுக்குப் போன நாள், வாய்தா தள்ளிப்போன நாள். மாத விலக்கு நாட்களுக்கு அடுத்தபடியாக என் தலைவலிக் கணக்கில் நின்றது நீதித்துறைதான்.

சாட்சிக் கூண்டில் இரண்டு நாள். முதல் நாள் நன்றாகவே சொன்னேன். இருட்டில் எப்படிப் பார்த்தாய் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். வீடு எரிகிற வெளிச்சத்தில் பார்த்தேன் என்றேன். அன்று இரவு தூக்கமில்லை. மறுநாள் விடிகாலை பஸ், காலையில் சாப்பிடவில்லை, பதினொன்றரை வரைக்கும் வராந்தாவில் நின்றேன், எதிரிகளும் அதே வராந்தாவில்தான். கூண்டில் ஏறிக் கொஞ்ச நேரத்தில் கண்ணில் கருக்கரிவாள் வந்துவிட்டது. நான்காம் எதிரியை அடையாளம் காட்டச் சொன்னார்கள். வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேருக்கு முகம் இல்லை. எங்கே பார்த்தாலும் அந்த இடத்தில் வெள்ளைப் பொறி. "தலைய வலிக்குதுங்க ஐயா, கொஞ்சம் நேரம் குடுங்க" என்று சொன்னேன். "சீக்கிரம் முடிச்சிடலாம்மா" என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவனைச் சரியாகவே காட்டினேன்.

தீர்ப்பில் இது எப்படி வந்தது தெரியுமா? ஒன்பதாம் சாட்சி நான்காம் எதிரியை அடையாளம் காட்டுவதற்குத் தயங்கினார், ஆகவே சந்தேகத்தின் பலன் எதிரிக்கு. தலைவலி என்று நான் சொன்னது எந்தப் பக்கத்திலும் இல்லை. தயக்கம் பதிவானது, வலி பதிவாகவில்லை. கட்சிக்காரத் தோழர்களுக்கும் நம் வக்கீல்களுக்கும் சொல்கிறேன். தலைவலி அனுதாபத்துக்கான விஷயம் என்று நினைத்தீர்கள் என்றால், இந்தத் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள். அது சாட்சியத்தைப் பாதிக்கிற விஷயம். ஒரு டாக்டர் சர்ட்டிபிகேட் முன்கூட்டியே வாங்கிக் கோப்பில் சேர்த்திருந்தால், கேட்ட அரை மணி நேரத்தை ஒரு மனுவாகப் போட்டிருந்தால், 'தயக்கம்' என்ற சொல்லுக்கு அந்த எடை வந்திருக்காது.

சட்டத்துக்கு வலி என்றால் என்ன என்றும் பார்த்தேன். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 320 ஆம் பிரிவு எதெல்லாம் கொடுங்காயம் என்று எட்டு வகை சொன்னது. கண் போவது, காது போவது, எலும்போ பல்லோ உடைவது என்று போய்க் கடைசியில், இருபது நாள் கடுமையான உடல்வலியில் கிடந்தாலோ வழக்கமான வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அது பதினைந்து நாளாகக் குறைந்திருக்கிறது. என் கணக்கு, மாதத்துக்கு ஆறு நாள், வருஷத்துக்கு எழுபத்திரண்டு நாள். இத்தனை வருஷத்தையும் கூட்டினால் ஐந்து வருஷத்துக்கு மேல் நான் இருட்டறையில் கழித்திருக்கிறேன். எதிரிகள் எல்லோரும் சேர்ந்து சிறையில் இருந்த நாட்கள் அதில் பாதிகூட இருக்காது. ஆனால் என் வலி இரண்டிரண்டு நாளாகத் துண்டு துண்டாக வருகிறது. துண்டாக வருவது கொடுங்காயம் இல்லை.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளில் எரிந்த வீட்டுக்குப் பதில் அரசு செலவில் செங்கல் வீடு உண்டு. உடல் ஊனத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று கணக்குப் போட்டு உதவித்தொகை உண்டு. அந்தச் சதவீதத்தில் என் தலை எங்கும் வராது. ஆனாலும் தோழர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. 2016 ஜனவரி 26 இல் அமலுக்கு வந்த திருத்தத்தில் 15-ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பு, பயணச் செலவு, பராமரிப்புச் செலவு, மறுவாழ்வு எல்லாம் அதில் உரிமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தொண்டு நிறுவனத்தினர், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் உதவியைப் பெறும் உரிமை உண்டு. வழக்கு நடவடிக்கைகளை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்றும் இருக்கிறது. எனக்கு இது காலம் கடந்து வந்தது. இன்று கூண்டில் ஏறப்போகிற பெண்ணுக்குக் காலம் கடக்கவில்லை. வீடியோ இருந்தால் சாட்சி தயங்கினாரா, வலியில் கண்ணை மூடினாரா என்பது தெரியும். இந்தப் பிரிவை வைத்து மனுப் போட எத்தனை வட்டாரங்களில் நம் ஆட்கள் தயாராக இருக்கிறார்கள்?

நீதிமன்றம் நினைத்தால் சாட்சியின் சுமையைக் குறைக்க முடியும். ஆந்திராவின் சுண்டூரில் 1991 ஆகஸ்ட் 6 இல் எட்டுத் தலித்துகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அந்த மக்கள் போராடி, சிறப்பு நீதிமன்றத்தைத் தங்கள் ஊருக்கே வர வைத்தார்கள். சாட்சி கோர்ட்டைத் தேடி அலையவில்லை. 2007 இல் இருபத்தோரு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2014 இல் உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இங்கே வாச்சாத்தியில் 1992 ஜூனில் பதினெட்டுப் பழங்குடிப் பெண்கள் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டார்கள். தருமபுரி நீதிமன்றத் தீர்ப்பு 2011 செப்டம்பரில் வந்தது. உயர்நீதிமன்றம் அதை 2023 செப்டம்பரில்தான் உறுதி செய்தது. முப்பத்தோரு வருஷம்! அந்தப் பெண்கள் ஜெயித்ததை நாம் கொண்டாடுகிறோம், கொண்டாடத்தான் வேண்டும். அதை எத்தனை முறை, எத்தனை பேரிடம், எந்தெந்த முகங்களுக்கு முன்னால் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்று நம்மில் யாராவது எண்ணினோமா?

அரசையும் கோர்ட்டையும் திட்டுவது நமக்குக் கைவந்த கலை. இப்போது நம் வீட்டுக்கு வருவோம். என் நோட்டில் 'வா' என்ற எழுத்துக்கு அடுத்தபடி 'தோ' என்ற எழுத்து இருக்கிறது. தோழர்கள்.

முதல் வருஷத்திலேயே எங்கள் சேரிக்குப் பதினோரு குழுக்கள் வந்தன. ஒவ்வொன்றும் முதலிலிருந்து கேட்டது. ஒரு குழு கேட்டதை இன்னொரு குழு வாங்கிப் படித்ததாகத் தெரியவில்லை. இடதுசாரிக் குழு தனி, மனித உரிமைக் குழு தனி, பெண்கள் அமைப்பு தனி, நம்முடைய இயக்கத்திலேயே இரண்டு பிரிவும் தனித்தனி. அப்போது டேப் ரெக்கார்டர், இப்போது செல்போன். ஆய்வு மாணவர்கள் இன்னும் வருகிறார்கள். "அக்கா, அன்னிக்கு நைட்டு சரியா எத்தன மணி இருக்கும்?" என்று ஆரம்பிக்கிறார்கள். நல்ல பிள்ளைகள்தான், நம் பிள்ளைகள்தான். டீ குடித்துவிட்டுக் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். நான் இரண்டு நாள் எழுந்திருப்பதில்லை. அவர்களுக்கு அது தெரியாது.

நினைவு நாள் வந்தால் நெருப்பின் படம் போட்ட ஃப்ளெக்ஸ். கருகிய உடல்களின் படத்தை ஆள் உயரத்துக்கு வைக்கிறார்கள், அதற்குக் கீழே தலைவர்கள் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார்கள். வாட்ஸ்அப்பைத் திறந்தால், எங்கேயோ ஒரு தலித் பையனைக் கட்டிவைத்து அடிக்கிற வீடியோ. 'அதிகம் பகிருங்கள்' என்று போட்டிருக்கிறது. அடிக்கிறவன் எடுத்த வீடியோ அது தோழர், அவன் கெத்துக்காக எடுத்தது. அவன் பகிரச் சொன்னதைத்தான் நாமும் பகிர்கிறோம். 2019 நவம்பரில் மேலவளவு வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற பதின்மூன்று பேர் முன்கூட்டியே விடுதலையானபோது, 1997 இன் பிணப் படங்கள் ஒரே நாளில் என் போனுக்கு முப்பது தடவை வந்தன. கோபம் வரட்டும் என்று அனுப்பியிருப்பார்கள். கோபம் வந்தது. வாந்தியும் வந்தது.

பறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பறை நம் விடுதலைக் கருவி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. என் மாமாவே அடிப்பவர். ஆனால் வலி வந்த நாளில் அந்தச் சத்தம் என் மண்டைக்குள்தான் விழுகிறது. அன்றைக்கு நான் பின்னால் எழுந்து போனால் 'மேட்டுக்குடி ஆயிட்டாங்க' என்று முணுமுணுக்காதீர்கள்.

இப்படிப் பேசினால் வருகிற பதில்கள் எனக்கு மனப்பாடம். ஒன்று, மைக்ரேன் என்பது படித்தவர்களின் நோய், நடுத்தர வர்க்க நோய். எங்க ஆயா மூணாம் கிளாஸ் தாண்டல தோழர். பணக்காரன் வலி என்று சொல்லி ஏசி அறையில் படுத்துக்கொள்கிறான், நம் பெண்கள் துணியைக் கட்டிக்கொண்டு களை எடுக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவுதான். இன்னொன்று, இது தனிமனிதப் பிரச்சினை, போராட்டத்தைத் திசை திருப்பும். கைமுறிவு மட்டும் கூட்டுப் பிரச்சினையா? மூன்றாவது பதில்தான் யோசிக்க வேண்டியது. சாட்சிகள் சொல்வதை நிறுத்திவிட்டால் லாபம் யாருக்கு என்று கேட்கிறார்கள். எதிரிக்குத்தான். அதனால் நான் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு தடவை ஒழுங்காகச் சொல்ல வையுங்கள், அதை ஒழுங்காகப் பதிவு செய்து வையுங்கள், அடுத்து வருகிறவன் அதைப் படித்துவிட்டு வரட்டும், சந்தேகம் இருந்தால் அதை மட்டும் கேட்கட்டும். பதினோரு குழு தேவையில்லை, ஒரு குழுவாகப் போகலாம். நம் ஒற்றுமைக்கும் அது நல்லது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அரசாங்கம் இப்போது 'கவுன்சிலிங்' என்ற சொல்லைக் கற்றுக்கொண்டுவிட்டது. அமைதிக் குழு போட்டு 'மறந்துடுங்கம்மா, எல்லாரும் ஒண்ணாமண்ணா இருக்கணும்' என்று சொன்ன அதே வாய் இப்போது 'மனசைப் பக்குவப்படுத்திக்குங்க' என்று சொல்கிறது. குற்றவாளியைப் பிடிக்காமல் என் மனசைப் பக்குவப்படுத்தினால் அது வைத்தியம் ஆகாது, கட்டப்பஞ்சாயத்து. எனக்கு மாத்திரையும் வேண்டும், தீர்ப்பும் வேண்டும். ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறுக்க முடியாது.

மாத்திரை என்று சொன்னதால் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். இதே நோயோடு இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். வலி வந்த பிறகு போடுகிற மருந்து வேறு, வராமல் தடுக்கத் தினமும் போடுகிற மருந்து வேறு. முதல் வகையைக் கண்ணில் கோடு விலகி வலி தொடங்கிய உடனே போட வேண்டும், தாங்க முடியாமல் போகும்வரை காத்திருந்தால் வயிறு அதை வாங்காது. பாராசிட்டமால் மாதிரியான சாதாரண வலி மாத்திரைகளை மாதத்துக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ மாதக்கணக்கில் போட்டால் அதுவே தலைவலியை வளர்க்கும். கடையில் கிடைக்கிற கூட்டு மாத்திரைகளுக்குப் பத்து நாள்தான் கணக்கு. சுமாட்ரிப்டான் போன்றவை நன்றாகக் கேட்கும், ஆனால் இதய நோய் உள்ளவர்கள் தொடக் கூடாது. தடுப்புக்கு எனக்குக் கொடுத்தது புரோப்ரனலால். விலை மலிவான மாத்திரை. ஆஸ்துமா இருந்தால் அதுவும் ஆகாது. ஆகவே மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் கேட்காமல் டாக்டரிடம் கேளுங்கள். வலி மாத்திரையோடு நிற்காமல், மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம். 'பைத்தியத்துக்குப் பார்க்கிற இடம்' என்று ஊரில் சொல்வார்கள், சொல்லட்டும். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை 2022 முதல் இருக்கிறது, தமிழில் பேசலாம்.

அந்த ஐந்து நிமிஷம் வந்து பிடிக்கும்போது நான் செய்வது ஒன்று உண்டு. குளிர்ந்த பித்தளைச் சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். இன்றைக்கு என்ன தேதி, என்ன கிழமை, எங்கள் ஊருக்கு வருகிற டவுன் பஸ் நம்பர் என்ன, என் தம்பி மகள் எத்தனாவது படிக்கிறாள் என்று வாய்விட்டுச் சொல்வேன். அந்த இரவில் அந்தக் குழந்தை பிறக்கவில்லை, அந்த பஸ் விடவில்லை. அப்படிச் சொல்லச் சொல்லச் சேறு கையைவிட்டுப் போகும். எல்லா நேரமும் பலிப்பதில்லை. பலிக்கிற நாளில் தலைவலியும் வராமல் போவதுண்டு. உடம்பு ஏமாறுவது மாதிரியே உடம்புக்குப் புரியவைக்கவும் முடிகிறது.

தோழர்கள் செய்யக்கூடியது அதிகம் ஒன்றுமில்லை, செலவும் பெரிதாக இல்லை. சாட்சி சொல்லப் போகிற பெண்ணுக்கு முதல் நாள் இரவே நகரத்தில் தங்க ஒரு வீடு ஏற்பாடு செய்யுங்கள். காலையில் இட்லி வாங்கிக் கொடுங்கள். எதிரிகள் நிற்கிற வராந்தாவில் அவளைத் தனியே நிற்கவிடாமல் இரண்டு பேர் கூட நில்லுங்கள். வழக்குக் கோப்பில் அவளுடைய மருத்துவச் சீட்டும் இருக்கட்டும். உண்மை அறியும் குழு எடுக்கிற பட்டியலில் அண்டா, சைக்கிளுக்குப் பக்கத்தில் தூக்கம், தலைவலி, பயம் என்று ஒரு கட்டம் போடுங்கள், ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து அதை நிரப்புங்கள். கருகிய உடலின் படத்தை வைப்பதற்கு முன், அது யாருடைய அப்பா என்று ஒரு தடவை விசாரியுங்கள்.

இந்த வருஷம் நினைவு நாள் கூட்டத்தில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த இரவைப் பற்றிப் பேச மாட்டேன், 15-ஏ பிரிவைப் பற்றிப் பேசுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஃபோகஸ் லைட்டை முகத்துக்கு நேராகக் கட்டாதீர்கள். நோட்டீசில் ஐந்து மணி என்று போட்டால் ஐந்து மணிக்கே தொடங்குங்கள். எட்டு மணிக்குள் நான் சாப்பிட்டாக வேண்டும்.